வீட்டில் சிறிய சிஎன்சி லேத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசை மீது வைத்து இயக்கக்கூடிய, கணினியால் கட்டுப்படுத்தப்படும் சிறிய உலோகக் கடைசல் இயந்திரத்தை வாங்க நினைப்பவர்களும் புதிதாக வாங்கியவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. "7×14" என்று அழைக்கப்படும் மினி லேத் வகையை மனத்தில் கொண்டே எண்கள் சொல்லப்பட்டுள்ளன. அதில் பெட்டின் (இயந்திரத்தின் நீண்ட அடித்தளம்) மேல் 180 மி.மீ. விட்டம் வரை சுழல இடமுண்டு. சென்டர்களுக்கு (பொருளின் இரு முனைகளையும் தாங்கும் கூர்முனைகள்) இடையே 350 மி.மீ. நீளம் கிடைக்கும், எடை ஏறத்தாழ 40 கிலோ. இரண்டு அச்சுகளிலும் பால் ஸ்க்ரூவும் (எஃகு உருண்டைகளின் மேல் ஓடும் நட்டைக் கொண்ட திருகுத் தண்டு) ஸ்டெப்பர் மோட்டாரும் (அடி அடியாகச் சுழலும் மோட்டார்) பொருத்தி, லினக்ஸ்சிஎன்சி என்னும் கட்டற்ற மென்பொருளால் ஓட்டுவதாகக் கொள்ளவும்.

லேத் பட்டறையில் கொடுத்தால் எளிதாக முடியும் வேலைக்கு வீட்டில் இயந்திரம் எதற்கு?

ஒரே ஒரு புஷ்ஷோ ஒரே ஒரு ஷாஃப்ட்டோதான் தேவை என்றால் பட்டறையில் கொடுப்பதே சரி. கோவையில் கணபதி, பீளமேடு பக்கமும் சென்னையில் அம்பத்தூர் பக்கமும் அனுபவமுள்ள டர்னர் ஒருவர், நீங்கள் புரோகிராம் எழுதி முடிப்பதற்குள் அந்தப் பொருளைக் கடைந்து கையில் கொடுத்துவிடுவார். ஒரே பொருள் பத்து, இருபது என்று ஒரே அளவில் வேண்டும்போதும், கைப்பிடிக் குமிழ், கோள முனை, மாதிரி நீராவி இன்ஜினின் உறுப்புகள் போன்ற வளைந்த வடிவங்களைக் கடையும்போதும், தோள்பட்டை (விட்டம் திடீரென மாறும் விளிம்பு) வரை ஓடி நிற்க வேண்டிய மரைகளை வெட்டும்போதும்தான் கணினிக் கட்டுப்பாட்டின் பயன் தெரியும். புதிதாக ஒரு கருவியை வடிவமைத்து, அளவை மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பவர்களுக்கு இந்த இயந்திரம் வீட்டிலேயே இருப்பது பெரிய வசதி.

கையால் லேத் ஓட்டிப் பழகாமல் நேரடியாக சிஎன்சியில் தொடங்கலாமா?

தொடங்கலாகாது என்பதே என் உறுதியான கருத்து. கையால் ஓட்டும்போது டூல் (வெட்டும் உளி) மழுங்கினால் கைப்பிடியிலேயே தெரியும்; வெட்டு அதிகமானால் சத்தம் மாறும்; சீவல் வரும் விதத்தைப் பார்த்தே வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஸ்டெப்பர் மோட்டாருக்கு இந்த உணர்வு எதுவும் கிடையாது. சொன்ன தூரத்துக்குத் தள்ளும்; தள்ள முடியாவிட்டால் அடிகளைத் தவறவிட்டு, தவறவிட்டதையே அறியாமல் மேலே போகும். ஐடிஐயில் டர்னர் பயிற்சி இரண்டு ஆண்டுகள் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவ்வளவு காலம் வேண்டாம் என்றாலும், ஃபேசிங் (முகம் சீவுதல்), டர்னிங் (சுற்றுப்புறம் கடைதல்), துளையிடல், டூலைச் சாணை பிடித்தல் ஆகியவற்றைக் கைலேத்தில் செய்து பழகிய பிறகே புரோகிராமுக்கு வருவது நல்லது.

ஆயத்த இயந்திரம் வாங்குவதா, மினி லேத்தை மாற்றி அமைப்பதா?

மூன்று வழிகள் உள்ளன. அமெரிக்காவின் ஷெர்லைன் போன்ற நிறுவனங்கள் மிகச் சிறிய லேத்தைக் கணினிக் கட்டுப்பாட்டுடனேயே விற்கின்றன. அவை துல்லியமானவை, ஆனால் நுண்பொருள்களுக்கே உரியவை. இரண்டாவது, 1980களில் கல்விக்கூடங்களுக்கென்று ஆஸ்திரியாவின் எம்கோ நிறுவனம் செய்த காம்பாக்ட் 5 சிஎன்சி போன்ற பழைய பயிற்சி இயந்திரங்கள். இவற்றின் மின்னணுப் பகுதி காலாவதியாகியிருக்கும். உடற்பகுதி நல்ல நிலையில் இருந்தால் புதிய டிரைவர்களையும் (மோட்டார்களை ஓட்டும் மின்னணுப் பெட்டிகள்) புதிய கணினியையும் பொருத்தி மீண்டும் வேலை வாங்கலாம். மூன்றாவது, மினி லேத்தை நாமே மாற்றி அமைப்பது. உழைப்பு இதில்தான் அதிகம்; ஆனால் இயந்திரத்தின் ஒவ்வொரு போல்ட்டும் தெரிந்தவராக நீங்கள் ஆகிவிடுவதால், பின்னாளில் கோளாறு எங்கே என்று தேடும்போது அந்த அறிவு கைகொடுக்கும்.

மாற்றி அமைப்பவர்கள் பெரும்பாலும் நீளவாட்டு அச்சான இசட்டுக்கு 16 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. புரியிடையும் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) கொண்ட பால் ஸ்க்ரூவையும், குறுக்கு அச்சான எக்ஸுக்கு 12 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. புரியிடையும் கொண்டதையும் பயன்படுத்துகிறார்கள். மோட்டார் பொருத்துவதற்கு முன் பெட், ஸ்லைடு (டூலைத் தாங்கி நகரும் பகுதி), ஜிப் (அதன் தளர்வைச் சரிசெய்யும் பட்டை) ஆகியவற்றைக் கழற்றித் துடைத்து, உராய்வு சீராக இருக்கும்படி சரிசெய்துவிட வேண்டும். இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வரும் ஸ்லைடை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.

திரையில் மூன்று தசம இடம் காட்டுகிறது. ஜாப்பும் (கடையும் பொருள்) அந்த அளவுக்குத் துல்லியமாக வருமா?

வராது. கணக்கைப் பார்ப்போம். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடிகள் நகரும். டிரைவர் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் 1,600 துடிப்புகள். எக்ஸ் அச்சின் புரியிடை 4 மி.மீ. என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்புகள். ஒரு துடிப்புக்கு 0.0025 மி.மீ., அதாவது விட்டத்தில் 0.005 மி.மீ. இது மோட்டாருக்கு இடக்கூடிய மிகச் சிறிய கட்டளை மட்டுமே. சாதாரணமாகக் கிடைக்கும் சி7 தரப் பால் ஸ்க்ரூவின் அனுமதிக்கப்பட்ட பிழையே 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. அதன் மேல் நட்டின் பிளே (திசை மாறும்போது வீணாகும் தளர்வு), பேரிங்கின் அசைவு, டூல் போஸ்ட்டின் (டூலைப் பிடிக்கும் தாங்கி) வளைவு என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும்.

பிளேயை அளக்க, டயல் இண்டிகேட்டரைக் காந்தத் தாங்கியில் நிறுத்தி அதன் முனையை டூல் போஸ்ட்டில் தொட வைக்கவும். அச்சை ஒரு திசையில் 1 மி.மீ. நகர்த்தி, டயலைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, மேலும் 1 மி.மீ. போய்த் திரும்பி வரச் செய்யவும். முள் சுழியத்துக்கு வராமல் நிற்கும் தூரமே பிளே. மென்பொருளில் பிளே திருத்தம் என்று ஓர் எண்ணை இட வழி உண்டு. முதலில் நட்டையும் பேரிங்கையும் சரிசெய்து, மிஞ்சும் மில்லிமீட்டரின் நூறில் ஓரிரு பங்குக்கு மட்டும் அதை நாடுங்கள்.

ஒரே விட்டத்தில் கடைந்தாலும் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் வருவது ஏன்?

வீட்டு லேத் வைத்திருப்போர் எல்லோரும் ஒருநாள் கேட்கும் கேள்வி இது. பலர் புரோகிராமில் குற்றம் தேடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஜாப் வளைகிறது, அல்லது ஸ்பிண்டிலும் (பொருளைச் சுழற்றும் தண்டு) பெட்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை.

முதலில் வளைவு. சக்கில் (பொருளைப் பிடித்துச் சுழலும் கவ்வி) ஒரு முனை மட்டும் பிடித்த 10 மி.மீ. இரும்புக் கம்பி 60 மி.மீ. வெளியே நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனியில் டூல் 50 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 5 கிலோ எடையின் அழுத்தம் தந்தால், நுனி 0.036 மி.மீ. விலகும். விட்டத்தில் அது 0.07 மி.மீ. தடிப்பாகத் தெரியும். அதே கம்பியை 30 மி.மீ. மட்டும் வெளியே விட்டால் விலகல் எட்டில் ஒரு பங்காகிவிடும், ஏனெனில் வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே வெளியே நீளும் பகுதி விட்டத்தைப் போல மூன்று, நான்கு மடங்கைத் தாண்டினால் டெயில் ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பகுதி) சென்டரைக் கொடுக்க வேண்டும். கணினி நகர்த்தும் டூல் டெயில் ஸ்டாக்கில் மோதும் ஆபத்து இருப்பதால் பலர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்; நீளமான ஜாப்புக்கு அந்தச் சிரமத்தைப் பார்க்கக் கூடாது.

அடுத்தது நேர்க்கோடு. 25 மி.மீ. கம்பியை 100 மி.மீ. வெளியே விட்டுப் பிடித்து, நடுப்பகுதியைச் சற்று மெலிதாகக் கடைந்து, சக்கின் அருகே ஒன்றும் நுனியில் ஒன்றுமாக இரண்டு வளையங்களை விட்டு வைக்கவும். கூரான டூலால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில், மிக மெல்லிய வெட்டாகச் சீவி, மைக்ரோமீட்டரால் அளக்கவும். இவ்வளவு தடித்த கம்பி மெல்லிய வெட்டுக்குக் குறிப்பிடத்தக்க அளவில் வளையாது. ஆகவே வேறுபாடு தெரிந்தால் அது இயந்திரத்தின் வேறுபாடு. மேசை சமமாக இல்லாமல் பெட் முறுக்கிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமான காரணம். ஒரு காலின் அடியில் மெல்லிய தகட்டை வைத்து போல்ட்டை இறுக்கி, மீண்டும் சீவி, மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு வளையங்களும் 0.01 மி.மீ.க்குள் ஒத்துவரும் வரை இதைச் செய்வதில் ஒரு விடுமுறை நாள் போனாலும் அது வீணல்ல.

எத்தனை கட்டளைகளைக் கற்க வேண்டும்?

ஏறத்தாழ ஒரு டஜன் போதும். ஜி 00 வேகமாக நகர்த்தும். ஜி 01 வெட்டும் வேகத்தில் நேர்க்கோட்டில் நகர்த்தும். ஜி 02, ஜி 03 வளைவுகளுக்கு. எம் 03 ஸ்பிண்டிலை ஓட்டும். எம் 05 நிறுத்தும். இசட் அச்சில் கழித்தல் திசை சக்கை நோக்கியது. ஜாப்பின் முகத்தை இசட் சுழியமாகவும் சுழலும் மையத்தை எக்ஸ் சுழியமாகவும் கொள்வது வழக்கம். 20 மி.மீ. கம்பியை 18 மி.மீ. ஆக 30 மி.மீ. நீளத்துக்குக் கடைய, "ஜி 00 எக்ஸ் 18 இசட் 2" என்று அருகே வந்து, "ஜி 01 இசட் -30 எஃப் 60" என்று (எஃப் என்பது நிமிடத்துக்கு மி.மீ. கணக்கில் டூல் நகரும் வேகம்) வெட்டி, "ஜி 00 எக்ஸ் 22" என்று விலகி, "ஜி 00 இசட் 2" என்று திரும்பினால் முடிந்தது. கணினியில் இவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

எக்ஸ் எண் விட்டமா ஆரமா என்பதில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. லினக்ஸ்சிஎன்சியில் ஜி 7 விட்ட முறை, ஜி 8 ஆர முறை. ஒன்றுக்கென எழுதியதை மற்றொன்றில் ஓட்டினால் டூல் ஜாப்பில் பாயக்கூடும். எனவே புரோகிராமின் முதல் வரியிலேயே ஜி 7 என்று எழுதிவிடும் பழக்கம் நல்லது. ஒவ்வொரு புதிய புரோகிராமையும் இசட் சுழியத்தைத் தற்காலிகமாக 50 மி.மீ. வெளியே தள்ளி வைத்துக் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே ஜாப்பில் இறக்க வேண்டும்.

டூலின் இடத்தை இயந்திரத்துக்கு எப்படிச் சொல்வது?

கம்பியின் மேற்பரப்பை மெல்லியதாகச் சீவி, எக்ஸ் அச்சைத் தொடாமல் இசட்டில் மட்டும் விலகி, ஸ்பிண்டிலை நிறுத்தி, சீவிய இடத்தை மைக்ரோமீட்டரால் அளக்கவும். 19.46 என்று வந்தால் அந்த எண்ணையே டூல் அட்டவணையில் அந்த டூலுக்கு எக்ஸ் அளவாகப் பதியவும். முகத்தைச் சீவி, அந்த இடத்தை இசட் சுழியமாகப் பதியவும். ஒவ்வொரு டூலுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எடுத்து மாட்டினாலும் அதே இடத்துக்கு வரும் விரைவுமாற்று டூல் போஸ்ட் இருந்தால், பதிந்த அளவு அடுத்த முறையும் பெரும்பாலும் பயன்படும். முகத்தைச் சீவும்போது நடுவில் சிறு முளை மிஞ்சினால் டூலின் உயரம் மையத்தில் இல்லை என்று பொருள். அளவு பதிவதற்கு முன் அதைச் சரிசெய்யவும்.

சுழல் வேகத்தை எப்படி முடிவு செய்வது? ஜி 96 ஆபத்தானது என்கிறார்களே?

வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு மீட்டர் கணக்கில் எடுத்து, 1,000ஆல் பெருக்கி, 3.14ஆலும் மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தாலும் வகுத்தால் நிமிடச் சுற்றுகள் கிடைக்கும். ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலால் சாதாரண இரும்பை வெட்ட நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று கொண்டால், 20 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 480 சுற்றுகள்.

ஜி 96 என்பது விட்டம் குறையக் குறைய சுற்றுகளைத் தானாகக் கூட்டி, வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் கட்டளை. முகம் சீவும்போது பளபளப்பு சீராக வர இது மிகவும் உதவும். ஆனால் அதே 30 மீட்டர் வேகம் 5 மி.மீ. விட்டத்தில் 1,900 சுற்றுகளையும், 1 மி.மீ. விட்டத்தில் 9,500 சுற்றுகளையும் கேட்கும். மோட்டாரால் அவ்வளவு முடியாது என்றாலும் தன் உச்சத்துக்குப் போய்விடும். சக் அந்த வேகத்துக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் ஜாப்பே கழன்று பறக்கக்கூடும். லினக்ஸ்சிஎன்சியில் ஜி 96 வரியிலேயே டி என்ற எழுத்துடன் உச்ச வரம்பை எழுதலாம். வரம்பு எழுதாத ஜி 96 வரியை வீட்டு இயந்திரத்தில் ஓட்டவே கூடாது.

இன்செர்ட் நல்லதா, ஹெச்.எஸ்.எஸ். நல்லதா?

இரண்டும் வேண்டும். சிசிஎம்டி 060204 போன்ற சிறிய கார்பைடு இன்செர்ட்டின் (டூலில் மாற்றி மாட்டக்கூடிய வெட்டுத் துண்டு) பெரும் வசதி, மழுங்கியதும் திருப்பி மாட்டினால் டூலின் அளவு பெரிதாக மாறாது என்பது. ஆனால் தொழிற்சாலை இயந்திரங்களுக்காகச் செய்த இன்செர்ட்டுகளின் விளிம்பு சற்று உருண்டிருக்கும்; வலுவற்ற சிறிய லேத்தில் மெல்லிய வெட்டு எடுக்கும்போது அவை வெட்டாமல் தேய்க்கும். அலுமினியத்துக்கென்று தீட்டிய, கூரான சிசிஜிடி வகை இன்செர்ட்டுகள் மெல்லிய கடைசி வெட்டுக்கு இரும்பிலும் நன்றாக வேலை செய்கின்றன.

மேற்பரப்பின் பளபளப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. பீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) அளவை அதனாலேயே பெருக்கி, மூக்கு ஆரத்தின் (டூல் நுனியின் வளைவு ஆரம்) எட்டு மடங்கால் வகுத்தால் வரியின் ஆழம் கிடைக்கும். 0.4 மி.மீ. ஆரமும் 0.1 மி.மீ. பீடும் என்றால் 3 மைக்ரான், பீட் அளவை 0.2 ஆக்கினால் 12 மைக்ரானைத் தாண்டும்.

மரை வெட்ட என்ன தேவை?

ஸ்பிண்டிலில் என்கோடர் பொருத்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டும் முந்தைய வெட்டின் தடத்திலேயே இறங்குவதற்கு, ஸ்பிண்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது கணினிக்குத் தெரிய வேண்டும். சுற்றுக்கு ஒரு குறித்துடிப்பும் இடையே நுண்துடிப்புகளும் தரும் என்கோடர் இருந்தால் லினக்ஸ்சிஎன்சி ஜி 76 கட்டளையால் முழு மரையையும் படிப்படியாக வெட்டிவிடும். மலிவான கட்டுப்பாட்டுப் பலகைகளில் வரும் அடிப்படை கிரிபிள் மென்பொருளில் இந்த வசதி இல்லை என்பதை வாங்குவதற்கு முன் கவனிக்கவும்.

எம்10 மரைக்குப் புரியிடை 1.5 மி.மீ.; வெளி மரையின் ஆழம் அதன் 0.613 மடங்கு, அதாவது 0.92 மி.மீ. விட்ட முறையில் எழுதும்போது இதை 1.84 என்று கொடுக்க வேண்டும். 400 சுற்றுகளில் ஓட்டினால் இசட் அச்சு நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். மோட்டார் அந்த வேகத்தை எட்டச் சிறிது தூரம் தேவை. அதனால் ஜாப்பின் முகத்துக்கு 5 மி.மீ.யாவது முன்னதாகத் தொடங்கவும். அந்த இடம் போதாவிட்டால் முதல் இரண்டு புரிகள் மட்டும் சிதைந்து வரும்.

ஜாப்பை வெட்டித் துண்டிப்பதைப் புரோகிராமில் சேர்க்கலாமா?

பித்தளையிலும் அலுமினியத்திலும் சேர்க்கலாம். இரும்பில், இந்த அளவு இயந்திரத்தில், எக்ஸாபிளேடால் அறுத்து முகத்தைத் தனியே சீவுவதே நிம்மதி.

எந்த உலோகத்தில் தொடங்குவது?

பித்தளை, 6061 அலுமினியம், இஎன்1ஏ என்ற எளிதில் வெட்டுப்படும் இரும்பு ஆகிய மூன்றும் நல்ல தொடக்கம். வீடு கட்டி மிஞ்சிய டிஎம்டி கம்பியை எடுக்க வேண்டாம்; அதன் வெளிப்புறம் தண்ணீரில் திடீரெனக் குளிரவைத்துக் கடினமாக்கப்பட்டது. 304 எவர்சில்வர் வெட்ட வெட்டக் கடினமாகும் இயல்புடையது என்பதால் அதையும் பின்னுக்குத் தள்ளி வைக்கவும்.

வீட்டு மின் இணைப்பு போதுமா? வேலை நடக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்?

ஒரு குதிரைத்திறன் மோட்டார் 746 வாட். 230 வோல்ட் ஒருமுனை மின்னிணைப்பு இதற்குப் போதும். மூன்று முனை மோட்டாரை விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் கருவி) வழியாக ஓட்டினால் வேகத்தை எளிதில் மாற்றலாம். ஆனால் விஎஃப்டியின் கசிவு மின்னோட்டம் வீட்டின் கசிவுத் தடுப்பு சுவிட்சை அடிக்கடி விழச் செய்யும். அதற்காகச் சுவிட்சை நீக்கிவிடக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு தகுந்த வகையைப் பொருத்தி, எர்த்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கூலிக்கு வேலை எடுத்தால் மின் கட்டண வகை மாறும் என்பதால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

மின்சாரம் போன நொடியில் ஸ்டெப்பர்கள் பிடியை விட்டுவிடும். ஸ்பிண்டில் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே டூல் வெட்டில் சிக்கி நிற்கும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. டூலைக் கையால் விலக்கி, இரண்டு அச்சுகளையும் மீண்டும் தொடக்க நிலைக்கு அனுப்பி, ஒரு விட்டத்தை அளந்து பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

பாதுகாப்புக்கு எவற்றைக் கட்டாயம் செய்ய வேண்டும்?

அவசர நிறுத்தப் பொத்தான், மென்பொருளிடம் செய்தி சொல்வதோடு நிற்காமல், டிரைவர்களின் மின்சாரத்தையும் விஎஃப்டியின் ஓட்டத்தையும் நேரடியாகத் துண்டிக்கும்படி கம்பியிடப்பட வேண்டும். பொத்தான் சக்கின் பின்புறம் இருந்தால் பயனில்லை. சக்கைத் தாண்டிக் கையை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சக் சாவியிலிருந்து கையை எடுத்தால் அது சக்கில் இருக்கக் கூடாது.

துண்டு, வேட்டி முனை, துப்பட்டா, கட்டாத தலைமுடி, மோதிரம், அரைஞாணில் கோத்த சாவி எதுவும் சுழலும் சக்கின் அருகே வரக் கூடாது. கையுறை பாதுகாப்பு அல்ல, ஆபத்து. சக் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். நீளமாகச் சுருண்டு வரும் சீவல் கத்தியைப் போல வெட்டும். அதை இயந்திரம் நின்ற பிறகு கொக்கியால் இழுக்கவும். கையால் ஓட்டும் லேத்தைவிட சிஎன்சியில் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு: நின்றுபோனது போலத் தோன்றும் இயந்திரம், அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். திரையில் "நிறுத்தப்பட்டது" என்று பார்த்தாலும், ஜாப்பை அளக்கக் கையை உள்ளே விடுமுன் பொத்தானை அழுத்திவிடவும்.

நம் வீடுகளில் வெறுங்காலுடன் நடக்கிறோம். லேத் இருக்கும் அறைக்கென்று தனிச் செருப்பு வைத்து, அதை அறை வாசலிலேயே விட்டுவர வேண்டும். இல்லையென்றால் பித்தளைத் துகள் தவழும் குழந்தையின் முழங்காலில் ஏறும். இயந்திரம் ஓடும்போது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. குடும்பத்தில் வேறு யாரும் தவறுதலாக இயக்காதபடி முதன்மை சுவிட்சுக்குப் பூட்டு போடுவதும் நல்லது.

கூலன்ட் அவசியமா? துரு பிடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வீட்டு அறையில் தண்ணீர் கலந்த கூலன்டைப் பாய்ச்ச வேண்டியதில்லை. அது தெறிக்கும், தேங்கினால் நாறும், பெட்டின் அடியில் போய்த் துருவை உண்டாக்கும். தூரிகையால் வெட்டெண்ணெய் தடவினால் இரும்புக்குப் போதும். பித்தளையை உலர்வாகவே கடையலாம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கம் நன்றாகவே வேலை செய்கிறது என்றாலும், மூடிய அறையில் அதன் ஆவியும் தீப்பற்றும் இயல்பும் நல்லதல்ல. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஓரிரவிலேயே பெட்டின் மீது பழுப்புப் புள்ளிகளை வரவைக்கும். வேலை முடிந்ததும் சீவலை முழுவதும் தூரிகையால் தள்ளி, பெட், ஸ்லைடு, சக் ஆகியவற்றில் மெல்லிய எண்ணெய் பூசி, பருத்தித் துணியால் மூட வேண்டும்; பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே தேக்கிவிடும்.